செவலைக்கு நான் போட்ட கறி

மருத்துவரிடம் நான் பொய் சொன்னேன். எங்கள் வீட்டு நாயின் தோல் ஆறாமல் போனதற்கு நானே காரணமாக இருந்துகொண்டு, பக்கத்தில் நின்ற என் மாமனாரைக் கைகாட்டினேன்.

இதைக் கணவரிடம் சொல்லவில்லை. மாமாவிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் யாரென்று தெரியாததால்தான் சொல்ல முடிகிறது.

கீரமங்கலத்தைத் தாண்டி எங்கள் வீடு. கணவர் குவைத்தில் இருக்கிறார். வீட்டில் நானும் மாமாவும் மட்டும். அத்தை இறந்த வருடம் மாமா ஒரு செந்நிற நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். செவலை என்று பெயர் வைத்தார். விடியும் முன்பே முல்லைக் கொல்லைக்குப் பூப்பறிக்க அவர் கிளம்பினால் அது முன்னால் ஓடும். அவர் குளித்தால் கதவருகே காத்துக் கிடக்கும். என்னைக் கண்டால் வாலை ஆட்டும். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எனக்குள் ஏன் உறுத்தியது? யோசித்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் செவலைக்குத் தோலில் நோய் வந்தது. காதுமடல் சிவந்தது. வயிற்றில் மயிர் கொட்டி, புண்ணாகி, நீர் கசிந்தது. வேப்பெண்ணெய் தடவினோம். ஊசி போட்டோம். ஊசியின் வேகம் இருக்கும்வரை அடங்கும். பிறகு மறுபடியும் சொறிந்து சொறிந்து இரத்தம் வரும்.

"எங்கிட்டாச்சும் கொண்டுபோய் விட்டுருப்பா," என்று கணவர் போனில் சொன்னார். மாமா போனை என்னிடம் நீட்டிவிட்டு நாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அறந்தாங்கியில் ஒரு கால்நடை மருத்துவர்தான் தீனியைப் பற்றி முதலில் கேட்டார்.

"கோழிக்காலும் தோலும் வேக வச்சு சோத்துல பெசஞ்சு வைக்கிறோம் சார்," என்றேன்.

"சில நாய்க்குக் கோழி ஒத்துக்காதும்மா. கோழி, முட்டை, பால், பிஸ்கட் எல்லாத்தையும் நிறுத்துங்க. இதுவரைக்கும் அது சாப்பிடாத ஒரு கறியும் சோறும் மட்டும் குடுங்க. உப்பு, மசாலா, வெங்காயம் கூடாது. ரெண்டு மாசத்துக்கு வேற எதுவும் வாயில படக்கூடாது. ஒரு துண்டு பட்டாலும் திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

முள் குத்திவிடும் என்று மீனை நாங்கள் அதற்கு வைத்ததே இல்லை. எனவே மீன் என்று முடிவாயிற்று. மணமேல்குடியிலிருந்து வண்டியில் வரும் மீன்காரரிடம் மத்தி வாங்கி, வேகவைத்து, முள்ளெடுத்து, சோற்றோடு பிசைந்தேன். மாமாவுக்குச் சட்டமும் நான்தான் போட்டேன்.

"ஒங்க தட்டுலேர்ந்து ஒரு வாய் இட்லிகூடப் போடக்கூடாது மாமா."

"சரி ஆத்தா."

அன்றிலிருந்து அவர் போடவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். உறுதியாகச் சொல்கிறேன், அவர் போடவே இல்லை!

போட்டவள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கறி வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டை எடுத்தேன். சமையலறை வாசலில் செவலை வந்து உட்கார்ந்தது. அது என்னைப் பார்த்த பார்வை... அதுவரை அப்படி அது மாமாவை மட்டுமே பார்த்திருந்தது. துண்டை ஊதி ஆறவைத்து நீட்டினேன்.

அதன்பின் அது என் காலடியிலேயே சுற்றியது. நான் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்தால் வாசல் கேட் வரை ஓடி வந்தது. வீட்டில் என் வரவுக்காக ஓர் உயிர் காத்திருந்தது! அந்த ஓட்டத்துக்காக அடுத்த ஞாயிறும் கொடுத்தேன். பிறகு ஃப்ரிட்ஜில் எடுத்துவைத்து வாரத்தின் நடுவிலும் கொடுத்தேன்.

நான் உயிரியல் ஆசிரியை. ஒவ்வாமை என்றால் என்னவென்று வகுப்பில் விளக்குகிறவள். தெரியாமலா செய்தேன்? இல்லை... தெரிந்துதான் செய்தேன்.

தோல் ஆறவில்லை. மறுபடி மருத்துவரிடம் போனோம். அவர் காதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வீட்ல யாரோ வேற என்னமோ குடுக்குறீங்க."

"மாமா சாப்பிடுறப்ப தட்டுலேர்ந்து போட்டுருவாங்க சார். சொன்னாக் கேக்குறதில்ல."

என் குரல் நடுங்கக்கூட இல்லை.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. எதையோ எங்கே வைத்தோமென்று தேடுகிறவரின் குழப்பம்தான் இருந்தது. திரும்பும் வழியில், ஆட்டோவில், மெதுவாகச் சொன்னார்:

"எனக்கு நெனவே இல்ல ஆத்தா. பழக்கத்துல போட்டுருப்பேன் போல. வயசாயிருச்சுல்ல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஊர் வந்து சேரும்வரை நேரம் இருந்தது. நான் வெளியே ஓடுகிற மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று முதல் மாமா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். செவலை கதவைப் பிறாண்டும். "அங்கிட்டுப் போய்ப் படுடா," என்று உள்ளிருந்து குரல் வரும். நானும் கறி போடுவதை நிறுத்தினேன். திருந்தியதால் அல்ல, பயத்தால்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்... முதலில் சொறிகிற சத்தம் குறைந்தது. புண்ணின் ஓரங்கள் காய்ந்தன. ரணமாயிருந்த இடத்தில் வெளிறிய புதுத்தோல் படர்ந்தது. ஒரு காலை அதன் வயிற்றைத் தடவினேன். விரலில் மெல்லக் குத்தியது. குனிந்து பார்த்தேன். செம்மயிர்! கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், தோலெங்கும்.

வெறும் மத்தியும் சோறும்தானே கொடுத்தேன்? தோலின் அடுக்குகளைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். உயிருள்ள ஒரு தோல் தன்னைத்தானே நெய்துகொள்வதை அன்றுதான் கண்டேன். தரையில் மண்டியிட்டிருந்தேன். கும்பிட வேண்டும்போல் இருந்தது. செவலையோ மல்லாந்து கால்களை விரித்து, அதன் நோயை வளர்த்த எனக்கே வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. இப்படியும் ஓர் உயிர் நம்புமா...

ஆனால் அந்த மயிர் வளர வளர, மாமா தன் குற்றத்தை நம்பத் தொடங்கினார். அவர் கதவைச் சாத்திய பிறகுதானே ஆறியது! இப்போது எல்லாவற்றிலும் அவருக்குச் சந்தேகம். கொல்லையிலிருந்து வந்து உட்கார்ந்ததும், "மோட்டார நிறுத்துனேனா ஆத்தா?" என்பார். நிறுத்தித்தான் இருப்பார். ஆனாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

கணவர் விடுப்பில் வந்தபோது செவலையின் பளபளப்பைக் கண்டு வியந்தார். வந்திருந்த உறவினர்களிடம், "அப்பாகிட்டேர்ந்து இவதான் நாயக் காப்பாத்துனா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

"ஆமாப்பா, நாந்தான் கெடுத்துப்புட்டேன். ஆத்தா இல்லைனா செவலை இல்ல."

நான் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் அவர் திட்டமாட்டார், எனக்குத் தெரியும். அந்தத் திட்டாத முகத்துக்கு முன்னால் எப்படி நிற்பது? நினைவு தப்பிவிட்டதென்று அவர் பயந்த நாட்களையெல்லாம் யார் திருப்பித் தருவது?

நேற்று மாலையும் அவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். செவலை அவர் முழங்காலில் தலை வைத்திருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டதும் அதைத் தடவுவதை நிறுத்தினார். இரண்டு உள்ளங்கைகளையும் எனக்குத் தெரியும்படி விரித்துக் காட்டினார்.

"பாரு ஆத்தா, ஒண்ணுமில்ல."

வழக்கம்போல், பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினேன்.