வாயில் ஆமை, களத்தில் டிராகன்

பெரியவளே, சின்னவனே, உங்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அவசரமில்லை, மெதுவாகவே வாசியுங்கள். தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கிற உங்கள் அப்பா, கார்டு விளையாட்டில் டிராகனை அழைக்கக் கற்றுக்கொண்ட கதை இது.

செம்பூரில் அப்பா-பிள்ளை ஜோடிப் போட்டி என்று பெரியவள் வந்து சொன்னாள். பிள்ளைக்கு ஒரு ஆட்டம், அப்பாவுக்கு ஒரு ஆட்டம். யார் தோற்றாலும் ஜோடியே வெளியே.

"உங்களுக்கு வரலைன்னா சொல்லிருங்கப்பா. மாடி வீட்டு அங்கிளைக் கூட்டிட்டுப் போயிருவேன்."

மாடி வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். அதற்காக என் மகளுக்கு அப்பாவாகப் போய் உட்காருவாரா?

அரிசி மூட்டை மேல் கார்டுகளைப் பரப்பிப் பாடம் தொடங்கியது. சாதாரணமாக, நம் முறை வரும்போது ஒரு மிருகத்தைத்தான் களத்தில் இறக்கலாம். சிறப்பு அழைப்பு வேறு. கார்டில் எழுதியிருக்கிற நிபந்தனை பொருந்தினால் அந்த மிருகம் இந்தக் கணக்கில் சேராமலே வந்துவிடும். நம் டிராகனின் நிபந்தனை இது: எதிராளி பக்கம் மிருகம் இருக்க வேண்டும், நம் பக்கம் ஒருவரும் இருக்கக் கூடாது.

அங்கேதான் எனக்கு ஓடவில்லை. கை தானாக ஒரு ஆமைக் கார்டை எடுத்து முன்னால் வைத்துவிடும்.

"அய்யோ! ஏன்ப்பா வெச்சீங்க?"

"கல்லாவுல ஆள் இல்லாம எப்படிம்மா? எவனாவது வந்து எடுத்துட்டுப் போயிருவாம்லா."

"அரே, இது கடை இல்லப்பா! ஆமை உட்கார்ந்திருந்தா டிராகன் வராது."

துவரம்பருப்பு வாங்க வந்த அக்கா, "அண்ணாச்சி சொல்லுறதுதான் சரி. ஆமையாவது இருக்கட்டும்" என்றாள்.

உள்ளேயிருந்து உங்கள் அம்மா, "டிராகன் வந்தா அதையே கல்லாவுல இருக்கச் சொல்லிட்டு, நீங்க கோதுமை மாவை இறக்குங்க" என்றாள்.

போட்டிக்கு நாம் மூன்று பேருமாகப் போனோம். பெரியவள் தன் ஆட்டத்தில் ஜெயித்துவிட்டாள். அடுத்து நான். எதிரே டை கட்டிய ஒருவர் சிங்கத்தை இறக்கினார். என் பக்கம் காலி. வலது கை ஆமையை நோக்கிப் போனது. அந்தக் கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். இடது கையால் டிராகனை எடுத்த பிறகுதான் உறைத்தது: அவ்வளவு பெரியவரை இடது கையாலா அழைப்பது? வலது கையை விடுவித்தால் மறுபடி ஆமையைத் தேடும். வேறு வழியில்லாமல் ஆமையை வாயில் கவ்விக்கொண்டு, எழுந்து நின்று, வலது கையால் டிராகனை வைத்தேன். கார்டைக் கவ்விய வாயோடு "வாங்க, வாங்க" என்றும் சொன்னேன்.

போட்டி நடத்திய பெண்மணி விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். வாயைப் பற்றி அதில் எதுவும் இல்லையாம். டிராகன் சிங்கத்தைச் சாய்க்க, ஆட்டம் எனக்கு.

அடுத்த சுற்றில் நான் தோற்றேன். ஜோடி வெளியே.

"மாடி வீட்டு அங்கிள்னா ஆமையைக் கடிச்சிருக்க மாட்டார்" என்றாள் பெரியவள். சிரிப்பை அடக்கினாளா, கோபத்தை அடக்கினாளா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

நீங்கள் இருவரும் வடாபாவ் வாங்கப் போனீர்கள். நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். அடுத்த போட்டிக்கான தாள் சுவரில் தொங்கியது. அதில் பெரியவளின் பெயரை எழுதி, பக்கத்தில் அப்பா என்று இருந்த கட்டத்தில் என் பெயரைத் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதினேன்.