அக்காவின் பவுடரும் என் கன்னமும்

போன மாதம் எங்கள் மகளின் நலுங்குக்கு அலங்காரம் செய்ய நுவரெலியாவிலிருந்து ஒரு பிள்ளை வந்திருந்தது. பெரிய பெட்டியைத் திறந்து, மகளின் தாடை ஓரத்தில் நாலைந்து நிறத்தில் சின்னச் சின்னக் கோடாக இழுத்தது. பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, எந்தக் கோடு தோலோடு கலந்து காணாமல் போகிறதோ அதுதான் இவளுக்குச் சரியான நிறம் என்று சொன்னது. சுற்றி நின்ற பெண்கள் இப்படியும் ஒரு வித்தையா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னாலேயே எங்கள் அத்தை இதை என் கன்னத்தில் செய்து பார்த்துவிட்டாள். சொல்லத்தான் நினைத்தேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதி வைக்கிறேன்.

அப்போது நாங்கள் கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அக்காவுக்கு இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாப்பிள்ளை அமைந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா எல்லாம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, படி இறங்கும்போது, பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மி என்று தன் பக்கத்து ஆளிடம் மெதுவாகச் சொன்னாராம். மெதுவாகச் சொன்னது எங்கள் அம்மாவின் காதில் நன்றாகவே விழுந்துவிட்டது. அன்று முதல் அம்மாவுக்கு ஒரே எண்ணம்தான். பரிசம் போட அவர்கள் வரும் நாளில் அக்காவை எப்படியாவது வெள்ளையாக உட்கார வைத்துவிட வேண்டும்.

அக்கா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் எங்கள் பெரியம்மா மகள். முந்தின வருடம் அவளுடைய பரிசத்துக்கு டவுனிலிருந்து ஒரு அம்மாளைக் கூட்டிவந்து முகம் முழுக்க வெள்ளைப் பவுடரை அப்பிவிட்டார்கள். கழுத்தையும் கையையும் மறந்துபோனார்கள். தட்டு மாற்றும்போது அவள் கையை நீட்டினாள். கொழுந்துச் சாயம் ஏறிய கறுத்த விரல்கள். மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர், மூஞ்சி டவுனுலயிருந்து வந்திருக்கு, கை மட்டும் தோட்டத்துக் கை என்று சொல்ல, காம்பரா அறை முழுக்கச் சிரிப்பு. கல்யாணமாகிப் போன இடத்தில் அவளுக்குச் சுண்ணாம்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிள்ளை பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. சுண்ணாம்பு மகன் என்று பிள்ளையையும் கூப்பிட்டார்கள்.

அக்கா அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"நெத்தியில கூடைக் கயிறு பதிஞ்ச தடம் இருக்கு, அது மட்டும் மறையட்டும். மத்தபடி என் மூஞ்சி என் மூஞ்சியாவே இருக்கணும். கை, கழுத்து, மூஞ்சி எல்லாம் ஒரே நெறம். பூசுனது யாருக்கும் தெரியக் கூடாது."

"தெரியாததுக்கு எதுக்குடி பவுடரு?" என்றாள் அம்மா.

எனக்கும் அம்மா கேட்டதுதான் நியாயமாகப் பட்டது. எந்தப் பெண்தான் வெள்ளையாக வேண்டாம் என்பாள், அக்கா வெட்கத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆறு வருடம் கொழுந்து பறித்ததில் அவள் நெற்றியில் விரல் அகலத்துக்கு ஒரு தடம் விழுந்திருந்தது. கூடைக் கயிறு அழுத்திய இடம். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய எனக்கு அது அவள் முகத்தில் ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

இருவருக்கும் நடுவில் அத்தை நின்றாள். அப்பாவின் தங்கை. வாய் கொஞ்சம் நீளம் என்றாலும் காரியம் அவள் கையில் கொடுத்தால் நடக்கும். ஆனால் ஒரு சிக்கல். எங்கள் லயத்து வீடுகளின் வழக்கப்படி, பேச்சு முடிந்த பெண் பரிசம் போடும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அக்காவைக் கடைக்குக் கூட்டிப்போக முடியாது. அவள் முகம் இல்லாமல் அவள் நிறத்துக்குப் பவுடர் வாங்குவது எப்படி என்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பம்பரத்துக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்த என்னை அத்தை திரும்பிப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் அம்மா மாநிறம். அப்பா இன்னும் கொஞ்சம் வெளுப்பு. அக்காவும் நானும் மட்டும் கறுப்பு, அதுவும் ஒரே கறுப்பு. பால் ஊற்றாத கடுஞ்சாயத் தேநீரை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு சிவப்பு ஓடுமே, அந்த நிறம். அத்தை என் கையைப் பிடித்து இழுத்து அக்காவின் கையோடு சேர்த்து வைத்தாள். எது யார் கை என்று சொல்ல முடியாது.

"மருமகனே, நாளைக்கு நீதாண்டா பொண்ணு," என்றாள்.

வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. அதுவரை என் நிறத்தை யாரும் ஒரு காரியத்துக்கென்று கேட்டதில்லை. மறுநாள் பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போகும் வழியெல்லாம் வெயில் படாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டே போனேன்.

டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை. வளையல், ரிப்பன், கண் மை, பவுடர் எல்லாம் விற்பார். அத்தை விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு முக்காலியில் வாசல் பக்கமாக உட்கார வைத்து, டப்பாக்களைத் திறந்து, பஞ்சால் என் கன்னத்தில் வரிசையாக ஒற்றினார். அத்தை தள்ளி நின்றும் கிட்ட வந்தும் பார்த்தாள். தெருவில் போனவர்களும் நின்று பார்த்தார்கள். என் கன்னம் எனக்குத் தெரியாது. எதிர்க் கடைச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு பழுப்பு நிறப் பவுடரை எடுத்துக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் பூசியதும் அத்தையின் முகம் விழுந்துவிட்டது. அக்கா செங்கல் தூள் கொட்டிய மாதிரி இருந்தாள். கன்னத்தில் வைத்தால் ஒரு திட்டு, நெற்றியில் வைத்தால் இன்னொரு திட்டு. கடைக்காரரைத் திட்ட வாயெடுத்த அத்தை, என்னை இழுத்து அக்கா பக்கத்தில் நிறுத்தினாள். அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. பேச்சு முடிந்த நாளிலிருந்து அக்கா வேலைக்குப் போகவில்லை. மலையில் வெயில் படவில்லை. பத்து நாளாய்த் தினமும் மஞ்சள் பூசிக் குளிக்கிறாள். நானோ தினமும் வெயிலில் பம்பரம் விடுகிறேன். ஒரே நிறமாக இருந்த நாங்கள் பத்து நாளில் இரண்டு நிறமாகிப்போயிருந்தோம். முதல் நாள் அத்தை கையைக் கையோடு சேர்த்துப் பார்த்தபோது யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. மஞ்சள் பூசியது முகத்துக்கு மட்டும்தான்.

அம்மாவுக்கு இதுவே போதுமாக இருந்தது. வெள்ளைப் பவுடரே இருக்கட்டும், இன்னும் ஆறு நாள்தான் கிடக்கிறது என்றாள். முகத்தைக் கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போன அக்கா வெகுநேரம் திரும்பவில்லை. தேடிப் போனேன். தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து நெற்றித் தடத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

நான் நேராக அத்தையிடம் போனேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"அத்த, எனக்கும் மஞ்சப் பூசிவிடுங்க."

மூன்று நாள் எனக்கும் மஞ்சள் குளியல். அக்காவுக்கு அரைத்த கல்லிலேயே எனக்கும் அரைத்தார்கள். வெயிலில் இறங்கக் கூடாது, பம்பரம் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போகத்தான் வேண்டும். வகுப்பில் நுழைந்ததும் பையன்கள் மஞ்ச மாப்புள்ள, மஞ்ச மாப்புள்ள என்று ராகம் போட்டார்கள். வாத்தியாரும் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சிரித்தார். வேறு சமயமாக இருந்தால் ஓடியிருப்பேன். அந்த மூன்று நாளும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தில் இருப்பது என் முகமல்ல, அக்காவின் முகம் என்ற எண்ணம் எனக்கு.

நாலாம் நாள் மறுபடியும் அதே கடை. என்னைக் கண்டதும் நானா கையிலிருந்த வளையல் கட்டைக் கீழே வைத்தார்.

"என்ன மகன், கலியாணம் ஒனக்கா?"

"எங்க அக்காவுக்கு," என்றேன். அந்நிய மனிதர் ஒருவரிடம் நானாக வாய் திறந்து பதில் சொன்னது அதுவே முதல் தடவை.

இந்த முறை எந்த டப்பாவும் சரிவரவில்லை. நானா ஒரு காகிதத்தை விரித்து, பழுப்பில் கொஞ்சமும் மஞ்சள் கலந்ததில் கொஞ்சமும் கொட்டி, விரலால் கலந்தார். என் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு இன்னும் ஒரு சிட்டிகை சேர்த்தார். அப்படி ஐந்தாறு தடவை. கடைசியில் அத்தையும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் காகிதத்தை மடித்து ஒரு சின்ன டப்பாவில் கொட்டி என் கையில் கொடுத்தார். பஸ்ஸில் அந்த டப்பாவை நான்தான் மடியில் வைத்திருந்தேன். அத்தை கேட்டும் கொடுக்கவில்லை.

பரிசத்தன்று காலையிலும் அக்கா சொன்னதன்பேரில் எனக்கும் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினார்கள். அத்தை அக்காவுக்குப் பவுடர் ஒற்றினாள். முகம், கழுத்து, மணிக்கட்டுவரை கை. விரல்களை அக்கா விடச் சொல்லிவிட்டாள். கண்ணில் மை, நெற்றியில் பொட்டு, அவ்வளவுதான். அம்மா கதவோரம் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தாம்பாளங்களை வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அக்காவுக்குக் குங்குமம் வைக்கக் குனிந்தவர், அப்படியே முகத்தைத் தூக்கிப் பார்த்தார். அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"என்னாங்க சம்மந்தி, பொண்ணுக்கு ஒண்ணுமே பூசலியா?" என்றார் அந்த அம்மா. "அன்னைக்கு இருந்ததவிடப் பளிச்சுனு இருக்கே."

இரண்டு தடவை டவுனுக்குப் போனது, மூன்று நாள் பையன்களிடம் பட்டது எல்லாம் இந்த ஒரு கேள்வியில் போய்விட்டது. யாரும் எதிர்பார்க்காமல், நானே எதிர்பார்க்காமல், கூட்டத்துக்கு நடுவிலிருந்து சொன்னேன்.

"பூசியிருக்கு. நான்தான் போய் வாங்கிட்டு வந்தேன்."

எல்லாரும் திரும்பினார்கள். அந்த அம்மா என் மஞ்சள் முகத்தைப் பார்த்தார்.

"இவரு யாரு? இவருக்கும் இன்னைக்கித்தான் பரிசமா?"

காம்பரா சிரிப்பில் குலுங்கியது. அம்மாவும் சிரித்தாள். குனிந்திருந்த அக்காவின் தோள்கள் குலுங்கின. நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது அவள் கண் நிறைந்திருந்தது. என்னால்தான் எல்லாம் கெட்டுப்போய் அவள் அழுகிறாள் என்று எண்ணி உள் காம்பராவுக்கு ஓடிவிட்டேன்.

இன்றைக்கு அக்காவுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் அவளுக்கு இதுவரை பட்டப்பெயர் ஒன்றும் கிடையாது.

அன்று உள்ளே போன நான் டப்பாவை எடுத்தேன். பவுடர் இருக்கத்தான் செய்தது. என் ஒரு கன்னத்தில் மட்டும் நன்றாக ஒற்றி, சுவரில் இருந்த கண்ணாடியில் பார்த்தேன். எந்தக் கன்னத்தில் பூசினேன் என்று எனக்கே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஒற்றிப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. வெளியே எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நல்லவராகத் தெரிந்த நானா, நிறமே இல்லாத பவுடரைக் கொடுத்து எங்களை ஏமாற்றிவிட்டாரே என்று கண்ணாடி முன்னால் நின்று அழுதேன்.