சீட்டு வரும் சத்தம்

விரல்கள் முதலில் விசைப்பலகையின் மேல் மெல்ல ஊரும். நடு வரிசையில் இரண்டு விசைகளில் மட்டும் சின்ன மேடு உண்டு. அவை தட்டுப்பட்டதும் முதுகு நிமிரும். அப்புறம் நிற்பதில்லை. "எஸ் டீ டீ ஒய்... ஒம்பதாயிரத்தி அறநூறு... எட்டு பிட்டு... பாரிட்டி வேணாம்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஒரே மூச்சில் அடித்து முடித்துவிடுவார். திரைப் பக்கம் திரும்பவே மாட்டார்.

எங்கள் சலவைக் கடையில் அவருக்கு அறநூறு அண்ணன் என்றே பேர். துணி மூட்டையில் குத்துகிற சீட்டை அச்சடிக்கும் மெஷின் பழையது. ஒரு தடித்த கேபிளால் அதைக் கம்ப்யூட்டரோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் பேசினால்தான் எழுத்து எழுத்தாக வரும். இல்லாவிட்டால் பூச்சி பூச்சியாகக் குப்பை. இரவு கடையைச் சாத்தி மின்சாரத்தை நிறுத்தினால் கம்ப்யூட்டருக்கு அந்த ஒம்பதாயிரத்தி அறநூறு வேகம் மறந்துவிடும். காலையில் அண்ணன் வந்து மறுபடி சொல்லித்தர வேண்டும்.

முதலாளியம்மாவின் மகள் கம்ப்யூட்டர் படிக்கிறவள். "மாமா, இந்த வரிய ஒரு ஃபைல்ல எழுதி வெச்சுட்டா, ஆன் பண்ணினதும் தானா ஓடிடும்" என்றாள் ஒருநாள்.

"எல்லாம் தானா ஓடிட்டா நான் எங்கம்மா ஓடறது?"

கடையே சிரித்தது. இஸ்திரி போடும் அவருடைய தங்கை மட்டும் குனிந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் சேர்ந்துதான் வேலைக்கு வருவார்கள். தங்கையின் தோள்பை வாரை அண்ணன் பிடித்திருப்பார். "பைய எவனாவது புடுங்கிட்டுப் போயிட்டா?" என்பார், யாரும் கேட்காமலே.

கவுண்டரில் வந்து நிற்பவர்கள் வாயைத் திறந்தால் போதும். "வாங்க டாக்டர், கோட்டுல இருந்த மைக்கறை போயே போச்சு" என்று எழுந்துவிடுவார். பேசாமல் நிற்பவர்கள்தான் ஆபத்து. அப்போது பின்னாலிருந்து தங்கையின் குரல் வரும்: "அண்ணா, தச்சரு வந்து நிக்கறாரு பாரு. வாயத் தொறந்தா பல்லு கொட்டிடும் போல."

நான் துணி மடிக்கிற மேஜை அவளுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒருநாள் என் காதோடு சொன்னாள். "நெழலாத்தான் தெரியுதாம். வெளிய விட்டுடாத. இந்த வேல போச்சுன்னா மூலைல உக்காந்தே உருக்கொலஞ்சு போயிடும் எங்க அண்ணன்."

சீட்டு சரியா என்று அவர் பார்த்ததெல்லாம் காதால்தான். வேகம் தப்பினால் மெஷின் இழுத்து இழுத்துத் தாளைக் கக்கும். சரியாக இருந்தால் சின்னதாக ஒரு 'கிர்ர்', நறுக்கென்று நிற்கும். அதைக் கேட்டபிறகே சீட்டைக் கிழிப்பார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "பளிச்னு இருக்கு" என்பார்.

போன வாரம் தாள் சுருள் தீர்ந்துவிட, முதலாளியம்மா தாமே புதிதை மாட்டினார். அந்தத் தாளில் மெஷினின் சூடு பட்டு எழுத்து ஏறுவது ஒரு பக்கம்தான். அவர் மாட்டியது மறுபக்கம். காலையில் அண்ணன் வழக்கம்போல் அடித்தார். கிர்ர் என்றது, துளிப் பிசகில்லை. கிழித்துத் தூக்கிப் பிடித்தார்.

"எப்படிண்ணே வந்திருக்கு?" முதலாளியம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"பளிச்னு இருக்கும்மா. ஒண்ணு ரெண்டு மூணு, முத்து முத்தா."

கையில் இருந்தது வெள்ளைத் தாள்.

இஸ்திரிப் பெட்டியின் ஓட்டம் நின்றது. முதலாளியம்மா சீட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். சுருளைப் பார்த்தார். பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அது இன்னும் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"சுருளத் திருப்பி மாட்டிட்டேன், தப்பு என்னுதுதான்" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எவ்வளவு நாளாண்ணே இப்படி?"

"அக்கா, அது வந்து..." என்று தங்கை ஓடி வந்தாள்.

"நீ இரும்மா." முதலாளியம்மா கையமர்த்தினார். "காசு கைமாறுற எடம். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? அந்த ஃபைல பொண்ணையே எழுதச் சொல்லிடறேன். நீங்க வீட்டுல இருந்துக்கிட்டு மொதல்ல கண்ணக் காட்டுங்கண்ணே."

அண்ணன் கையை நீட்டினார். முதலாளியம்மா சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். மெஷினின் சூடு அதில் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் அந்தத் தாளைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.