உத்திரமேரூர் வயலில் முப்பது விநாடி

720 நானோமீட்டர் ஃபில்டரை வாங்கியபோது எனக்கு ஐந்து மாதக் கர்ப்பம். உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து, தெரியாத அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடுகிற கறுப்புக் கண்ணாடி அது. அகச்சிவப்புப் படத்துக்கு உச்சி வெயிலும் மேகமில்லாத வானமும் நல்ல பச்சையும் வேண்டும். மாசியில் உத்திரமேரூர் பக்கம் நவரைப் பருவ நெல் பச்சையாக நிற்கும். பிள்ளையை விட்டுப் போக ஆள் இல்லாததால், ஒரு சனிக்கிழமை இரண்டேகால் வயது நிலாவையும் தூக்கிக்கொண்டே கிளம்பிவிட்டேன். உச்சி வெயிலில் சின்னக் குழந்தையா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நானும் வழியெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டு போனேன். பையில் லென்ஸைவிட மருந்துதான் அதிகம்.

தாம்பரத்தில் 7.40 மின்ரயில், செங்கல்பட்டு வரை பத்து ரூபாய். அங்கிருந்து பேருந்தில் 28 கிலோமீட்டர், முப்பது ரூபாய். 9.50க்கு உத்திரமேரூரில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். நிலா அரை இட்லிதான் சாப்பிட்டாள், அதுவும் ஒரு கவலை. மானாம்பதி சாலையில் நான்கு கிலோமீட்டர் போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட ஆட்டோவுக்கு 450 ரூபாய். ஓட்டியவர் டில்லி அண்ணன்.

“கோயிலுக்காமா?”

“வயலுக்குண்ணா. போட்டோ எடுக்கணும்.”

“இந்த வெயில்லயா? கொயந்த கருத்துடும்மா.”

பத்தே முக்காலுக்கு வரப்பு ஓரம் டிரைபாடில் கேமராவை நிறுத்தினேன். அமைப்புகளைச் சொல்லிவிடுகிறேன், இதற்காகவே வந்திருப்பீர்கள். ஃபில்டர் மாட்டியபின் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. அதனால் முதலில் ஃபில்டர் இல்லாமல் ஃபோகஸ் செய்து, ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, பிறகு மாட்ட வேண்டும். ஃபில்டரோடு புல்லை ஒரு படம் எடுத்து, அதையே வெள்ளைச் சமநிலைக்கு (ஒயிட் பாலன்ஸ்) வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் ரத்தச் சிவப்பாக வரும். ரா (RAW) கோப்பு, எஃப் 8, ஐஎஸ்ஓ 400, முப்பது விநாடி. சாதாரண கேமராவின் சென்சார் அகச்சிவப்பைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும் என்பதால்தான் இவ்வளவு நேரம். பின்பக்கம் வழியாக வெயில் புகாமல் வியூஃபைண்டரைக் கையால் மூடிக்கொள்ளுங்கள்.

நிலாவின் இடுப்பில் என் துப்பட்டாவின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை என் இடுப்பில் கட்டியிருந்தேன். பத்து அடிக்கு அந்தப் பக்கம் கால்வாயில் தண்ணீர் ஓடியது. முதல் படத்தில் அவள் இழுத்தாள், என் கை ஆடி, படம் கலங்கிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கு முடிச்சை அவிழ்த்தேன். முப்பது விநாடிதானே. “கொஞ்சம் பாத்துக்கோங்கண்ணா” என்று டில்லி அண்ணனிடம் சொல்லிவிட்டு, வியூஃபைண்டரைக் கையால் மூடி, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் வாய்விட்டு எண்ணினேன். ஆட்டோவை நிழலில் போட அவர் அப்போதுதான் நகர்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

முப்பது என்று சொல்லித் திரும்பினேன். நிலா இல்லை.

கால்வாயைத்தான் முதலில் பார்த்தேன். பழுப்புத் தண்ணீர், அடி தெரியவில்லை.

“ஏம்மா. இங்க கீது உன் கொயந்த.”

வரப்பின் கோடியில், களை எடுத்துக்கொண்டிருந்த பெண் இடுப்பில் நிலாவை வைத்துக்கொண்டு நின்றார். பெயர் அஞ்சலை, அது அவருடைய சொந்தப் பயிர் என்று பிறகு சொன்னார். நிலா அவர் காதுக் கம்மலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“கொயந்தைய உட்டுட்டு இன்னாத்த எண்ணிக்கினு இருந்த? அது பாட்டுக்கு கால்வாய் பக்கம் போய்க்கினு கீது.”

அழுதுவிட்டேன். அவர் சற்றுத் தணிந்து, “சரி வுடு. அப்டி இன்னாதான் எடுத்த, காட்டு” என்றார்.

கேமராத் திரையைக் காட்டினேன். கறுத்த வானம், கீழே பனி கொட்டியதுபோல வெள்ளை வெளேரென்று நெல். நல்ல படம் என்றுதான் காட்டினேன். அவர் முகம் மாறியது.

“இன்னாம்மா இது? பூரா வெண்கதிர் உட்டுக்கினு கீது?”

குருத்துப்பூச்சி தண்டைத் துளைத்தால் கதிர் பாலேறாமல் வெளுத்து நிற்குமாம், அதுதான் வெண்கதிர். எனக்கு அது தெரியாது. நிலாவை என் கையில் திணித்துவிட்டு வயலுக்குள் இறங்கினார்.

“அக்கா, இந்த கேமராவுல நல்ல பச்சைதான் வெள்ளையாத் தெரியும். வெள்ளையா இருந்தா பயிர் நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

“உன் கேமரா சொல்றத நான் கேக்கணுமா?” அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கதிர்களைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். பூச்சி அடித்திருந்தால் கையோடு உருவிக்கொண்டு வந்துவிடுமாம். எதுவும் வரவில்லை. ஆனாலும் ஏழெட்டு இடம் பார்த்த பிறகுதான் ஏறினார். நிலாவின் நெற்றியை நானும் இப்படித்தான் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பேன்.

நிழலிலிருந்து ஓடிவந்த டில்லி அண்ணனும் படத்தைப் பார்த்தார். “இவ்ளோ வெள்ளையா? கொயந்த கருத்துடும்னு நான் பயந்தேன். இதுல எடுத்தா நான்கூட செவப்பாய்டுவேன் போல.”

“நீ பேசாத. ஒரு கொயந்தைய பாக்கத் துப்பில்ல” என்றார் அஞ்சலை அக்கா. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டோம்.

குழந்தையோடு போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றினால் முப்பது விநாடி எட்டாகக் குறையும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும். பார்த்துக்கொள்ளச் சொன்னவர் “சரி” என்று சொன்னாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு ஷட்டரை அழுத்துங்கள். முடிந்தால் இன்னொருவரோடு போங்கள்.

வீட்டுக்கு வந்து அந்த மூன்றாவது படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பது விநாடித் திறப்பில் நடப்பவர்கள் பதிய மாட்டார்கள், நிற்பவர்கள்தான் லேசாகவாவது பதிவார்கள். நிலா எங்கும் இல்லை. ஆனால் கால்வாய் ஓரத்தில், வரப்பு வளையும் இடத்தில், புகைபோல ஓர் உருவம், அஞ்சலை அக்காதான். குனிந்திருக்கிறது. முன்னால் நீட்டிய இரண்டு கைகள் மட்டும் கொஞ்சம் தெளிவாக இருக்கின்றன.