எல்விரா அத்தையும் ஏழு புள்ளியும்

ஐரோப்பாக் கண்டத்தின் கூடைப்பந்து மொத்தமும் குபிஷ்கிஸ் ஊர் எல்விரா அத்தையின் தரை துடைக்கிற மாப்பில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் ஒரு நாள் லீவு போட்டால் மாட்ரிட்டில் ஆட்டக்காரர்கள் வரிசையாக வழுக்கி விழுவார்கள், ஏதென்ஸில் வளையம் தானாகக் கழன்று வரும், இஸ்தான்புல்லில் நடுவரின் விசிலுக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டும்.

இவ்வளவும் செய்கிற அத்தை, எங்கள் ஊர் அரங்கத்தில் இடது பக்கக் கூடைக்குக் கீழே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். வயது ஐம்பத்தெட்டு. யாராவது வழுக்கி விழுந்து தரையில் வியர்வை படிந்தால், ஆட்டம் நின்றதும் ஓடிப்போய்த் துடைத்துவிட்டு ஓடி வருவார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. வலது பக்கக் கூடைக்குக் கீழே இன்னொரு மாப்புடன் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் உட்காருவான். அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அத்தைக்குக் கோபம் வராத நாள் கிடையாது. நடுவர் மேல் கோபம், ஈர ஷூவோடு உள்ளே வரும் ரசிகர்கள் மேல் கோபம், பூண்டு தேய்த்து வறுத்த கருப்பு ரொட்டியைத் தின்றுவிட்டு அந்தக் கையோடு பந்தைத் தொடுகிறவர்கள் மேல் தனிக் கோபம். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம் மகன் கிந்தாஸ் மேல்.

கிந்தாஸ் முன்பு எங்கள் லோக்கியாய் அணியில்தான் இருந்தான். ஆட்டக்காரர்களுக்குக் கணுக்காலில் கட்டுப் போட்டு, தசையைப் பிடித்துவிடுகிற வேலை. ஆறு வருடத்துக்கு முன்னால், பருவத்தின் நட்டநடுவில், முக்கியமான ஓர் ஆட்டத்துக்கு முந்தின நாள், ஜெர்மனியில் ஓர் அணி கூப்பிட்டது என்று போய்விட்டான். அத்தை அரங்கமே கேட்கக் கத்தினார்: "போ! ஆனா இனிமே என் தரையில உன் கால் படக்கூடாது!"

அவனும் அவர் பெற்ற பிள்ளைதானே. அன்றிலிருந்து வரவில்லை. போன்கூடக் கிடையாது.

இந்த வருடம்தான் ஒரு வழி திறந்தது. ஐரோப்பியக் கோப்பையில், எங்கள் பிரிவில் இரண்டாவதாக வருகிற அணி அடுத்த சுற்றில் கிந்தாஸின் ஜெர்மன் அணியோடு மோத வேண்டும். ஓர் ஆட்டம் அங்கே, ஓர் ஆட்டம் இங்கே. இங்கே வந்தால் அவன் வந்துதானே ஆகவேண்டும்? அவன் மன்னிப்புக் கேட்க வேண்டாம், இவர் கூப்பிடவும் வேண்டாம். அட்டவணையே இழுத்து வந்து அந்தத் தரையில் நிறுத்திவிடும்.

அக்டோபரிலிருந்து அத்தை இதற்காகவே துடைத்தார். துடைத்துத் துடைத்து, பிப்ரவரியில் கடைசி ஆட்டம் வந்தது. எதிரே, அதே இரண்டாம் இடத்துக்குப் போட்டியிடும் போர்ச்சுகல் அணி. ஜெயித்தால் அவர்களுக்கும் எங்களுக்கும் வெற்றிகள் சமம். அப்படிச் சமமானால், இரண்டு அணிகளும் மோதிய இரண்டு ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம்தான் தீர்ப்பு. லிஸ்பனில் ஆறு புள்ளியில் தோற்றிருந்தோம். ஆகவே இங்கே ஏழு புள்ளியில் ஜெயிக்க வேண்டும். ஊரில் ரொட்டிக்கடைக்காரிகூட "ஜெயிப்பாங்களா?" என்று கேட்கவில்லை. "ஏழு வருமா?" என்றுதான் கேட்டாள்.

ஊரில் அது தெரியாத ஒரே ஆள் டெரல். அமெரிக்கன். அணிக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அவனுக்குச் சொல்லவேண்டிய பயிற்சியாளரோ, நடுவரைத் திட்டி, கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது வெளியே அனுப்பப்பட்டுவிட்டார். உதவிப் பயிற்சியாளர், எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று சும்மா இருந்துவிட்டார்.

பதினாலு வினாடி பாக்கி. ஐந்து புள்ளி முன்னால் இருக்கிறோம். பந்து டெரல் கையில். அவன் நிதானமாக, பூங்காவில் நாயை நடத்திப் போகிறவன் மாதிரி, பந்தைத் தட்டிக்கொண்டு நின்றான். அவன் ஊரில் ஜெயித்துக்கொண்டிருக்கிறவன் கடைசியில் பந்து போட்டால் அது எதிராளியை அவமதிப்பதாம். மரியாதை காட்டுகிறான்! போர்ச்சுகல்காரர்களோ அவனைத் தொடவே இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றார்கள். அதைப் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

"போடுடா! போடு!" என்று அரங்கமே அலறியது. அவன் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

எல்விரா அத்தை கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது. எட்டு. மகன் ஒவ்வொரு வினாடியாக ஜெர்மனிக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். ஆட்டம் ஓடும்போது மாப்காரர்கள் உள்ளே வரக்கூடாது, அது அவருக்கு மனப்பாடம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட மீறியதில்லை.

நாலு வினாடி இருக்கும்போது, மாப்பை ஈட்டி போலப் பிடித்துக்கொண்டு அத்தை மைதானத்துக்குள் ஓடினார்.

நடுவர் விசில் ஊதினார். கடிகாரம் நின்றது. அத்தை நேராக டெரலின் முன்னால் போய் நின்று, ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் இரண்டு விரலும் விரித்து அவன் மூக்குக்கு நேரே காட்டினார்.

"ஏழுடா, தடியா! ஏழு! அஞ்சு இல்ல!"

மொழி புரியாவிட்டாலும் விரல் புரிந்தது. டெரலின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

ஆனால் உள்ளே ஓடி வந்ததற்குத் தண்டனை உண்டு. போர்ச்சுகலுக்கு ஓர் இலவச எறிவு. உள்ளே விழுந்தது. இப்போது நாலுதான் முன்னால். மூன்று புள்ளி எறிவு ஒன்று விழுந்தால் ஏழு. பந்து மறுபடி எங்களுக்கே. டெரல் வாங்கினான், எம்பினான், எறிந்தான். பந்து வளையத்தில் இரண்டு தடவை சுற்றி, யோசித்து, வெளியே குதித்தது.

நாலு புள்ளியில் ஜெயித்தோம். போட்டியிலிருந்து வெளியேறினோம்.

கிளப் தலைவர் விதேனிஸ் எல்லார் முன்னாலும் வந்து நின்றார்.

"கெடுத்துட்டியே எல்விரா!"

"நானா? நான் வராம இருந்தா அஞ்சுல ஜெயிச்சு வெளிய போயிருப்போம். வந்ததால நாலுல ஜெயிச்சு வெளிய போறோம். அவ்வளவுதானே? அந்தப் பையன்கிட்ட ஏழுன்னு சொல்ல நாலு நாள் இருந்துச்சே, உங்க யாருக்காவது வாய் இருந்துச்சா?"

"இந்தப் பருவம் முடியிற வரைக்கும் நீ உள்ள வரவேண்டாம். மாப்பை வெச்சிட்டுப் போ."

"மாப் என் சொந்தம். உங்க மாப் தண்ணியே உறிஞ்சாது!" என்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். இரண்டாயிரம் பேரில் ஒருத்தருக்கும் அவரைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு அத்தை கதவைத் திறக்கவில்லை. தன் வீட்டுத் தரையை ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைத்தார்.

ஆறாம் நாள் காலையில் யாரோ கதவை இடித்தார்கள். திறந்தால் கிந்தாஸ். முகம் வெளிறி, கால்சட்டை முழங்கால் வரை பனிச்சேறு.

"அம்மா! உன்னை விட்டுட்டாங்களா?"

"யாரு?"

"போலீஸ்!"

"எந்தப் போலீஸ்டா?"

அவன் போனை நீட்டினான். அத்தை கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். 'ஐரோப்பாக் கண்டத்தின் கூடைப்பந்து மொத்தமும் உங்கள் தாயாரின் மாப்பில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மாப்பையும் தாயாரையும் போலீஸ் கொண்டுபோய்விட்டது. உடனே வரவும். இப்படிக்கு, கிளப் நிர்வாகம்.'

படித்து முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தார். மகன் வாசலிலேயே நின்றான். தரையைப் பார்த்தான். காலை எடுத்து வைக்கவில்லை.

"என்ன முழிக்கிற? ஷூவைக் கழட்டிட்டு உள்ள வா. துடைச்சிருக்கேன்."

அவன் உள்ளே வந்ததும் அத்தை நேராக ஜன்னலுக்குப் போய் அதைத் திறந்தார். நாலு மாடிக்குக் கீழே, குப்பைத் தொட்டிக்குப் பின்னால், வலது பக்கக் கூடையின் மாப்காரப் பையன் ஒளிந்திருந்தான். அந்தச் செய்தியை எழுதினவனும் இதை எழுதுகிறவனும் ஒருத்தன்தான்.

"டேய்! உன் தலை தெரியுது! கிளப்காரனுக்கு இவ்வளவு நல்லா பொய் சொல்லத் தெரியுமாடா? மேல ஏறி வா. நீ வரவழைச்ச ஆள் படி முழுக்கச் சேத்தை மிதிச்சு வெச்சிருக்கான். மாப் தர்றேன், நாலு மாடியையும் துடை!"