அண்ணன் உட்கார்ந்த மண்

சுண்ணாம்பு அடித்த மனைக்கற்கள் வரிசையாக நட்டிருந்த அந்தப் பொட்டலில், புங்கமரத்தடியில், ஒரு கோரைப்பாய் எப்போதும் விரித்தே கிடக்கும். என் அண்ணன் அதில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தூக்குவாளியில் போட்டுத் தந்த சோற்றை எடுத்துக்கொண்டு, ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்துப் பாரிவாக்கம் போவேன். தூரத்திலிருந்தே அந்தப் பாய் தெரிந்ததும் எனக்குப் பெருமையாக இருக்கும். அதை வாங்கிப் போட்டவர் பெரியப்பா. இன்று அவரை நினைத்தால் வயிறு எரிகிறது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் குவார்ட்டர்ஸில் யார் வீட்டுக்கு கலர் டிவி வந்தது, யார் ஸ்கூட்டருக்குப் பதிந்திருக்கிறார்கள் என்பதுதான் பேச்சு. ஐ.டி.ஐ. முடித்த அண்ணனை எப்படியாவது தான் வேலைபார்த்த தொழிற்சாலைக்குள் நுழைத்துவிட அப்பா துடித்தார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் கேட்டான்: “வேலைக்குப் போறேன். ஸ்கூட்டர் வாங்கறேன், டிவி வாங்கறேன். சரிப்பா, அப்புறம் இன்னா?” கிண்டலாகக் கேட்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. அப்பா அன்றோடு அவனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அண்ணன் மாங்காடு கோயிலுக்கு நடந்தே போவான், வருவான். யாரோ ஒரு பெரியவர் சொன்னார் என்று உப்பில்லாமல் சாப்பிடுவான். குவார்ட்டர்ஸ் பையன்கள் ‘சாமி’ என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

அப்போதுதான் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, வந்தார். மற்றவர்களின் வயலில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், அதே வயல்களை மனை போட்டு விற்கிற ஆளாகிவிட்டிருந்தார். பிள்ளையில்லாதவர். அண்ணனின் தோளில் கைபோட்டு, “இவன எங்கிட்ட உட்ரு நைனா. அமைதியா குந்திக்கினு சாமி கும்புட எடம் நான் தர்றேன்” என்று அப்பாவிடம் சொன்னார். குடும்பத்தில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான் என்று அண்ணன் என்னிடம் கண்கலங்கச் சொன்னான்.

அந்தக் காலத்தில் மனை விற்கிறவர்கள் ரோடு போடுவதற்கு முன்னால் ஒரு பிள்ளையார் கோயிலைக் கட்டிவிடுவார்கள். கோயிலைப் பார்த்தால் மனை வாங்க வருகிறவர்களுக்கு நம்பிக்கை வரும். பெரியப்பா ஒருபடி மேலே போய், பிள்ளையாருக்குப் பக்கத்தில் என் அண்ணனையும் உட்காரவைத்தார். வேன் வேனாக ஆட்கள் இடம் பார்க்க வருவார்கள். தயிர்சாதப் பொட்டலம் கொடுத்து முடித்ததும் புங்கமரத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொல்வார்: “எங்க ஊட்டுப் புள்ள. காசு பணத்தக் கையால தொடமாட்டான். அவனே இங்க குந்திக்கினு கீறான்னா, இது எப்பேர்ப்பட்ட மண்ணுன்னு நீங்களே பாத்துக்கோங்க.” செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். என் அண்ணனைத்தான் மதிக்கிறார்கள் என்று நினைத்தேன். கண்ணை மூடியிருந்த அவன் எதையும் பார்க்கவில்லை.

அந்த இடம் ஒரு பழைய தாங்கல். மழைநீர் வந்து தேங்குகிற பள்ளம். செங்கல் கழிவைக் கொட்டி நிரவிவிட்டுப் பெரியப்பா விற்றிருக்கிறார். வீடுகள் எழும்பி, ஒரு ஐப்பசியில் மழை விடாமல் பெய்தபோது தண்ணீர் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து போய் அங்கே வீடு கட்டியிருந்த திருநெல்வேலிக்கார அக்கா, இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் வந்தாள். “ஒங்களப் பாத்துத்தான சாமி வாங்கினோம். நீங்க இருக்க எடம்னு நம்பித் தாலிச் செயினக்கூட வித்தேம்லா” என்று அழுதாள். அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

நனைந்த வேட்டியோடு அவன் பெரியப்பா வீட்டுக்குள் நுழைந்தபோது நானும் பின்னால் போனேன். “என்னக் காட்டியா வித்தீங்க?” என்றான். பெரியப்பா காபியைக் கீழே வைக்கவில்லை. “நீ சாமியத் தேடுன, நான் ஆளத் தேடுனேன். இதுல உனக்கு இன்னா நஷ்டம்?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அண்ணன் நெற்றி விபூதியை ஈரக் கையால் துடைத்துவிட்டு வெளியே போனான். தண்ணீர் வடியும்வரை அந்த வீடுகளிலிருந்து பாத்திரம் பண்டம் சுமந்தான். வடிந்ததும் காணாமல் போனான். அம்மா பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தாள். அப்படிப் பார்த்தே செத்துப்போனாள். அம்மா காரியத்துக்குப் பெரியப்பா ரோஜா மாலையோடு வந்தார்.

நான் கல்யாணமாகி மண்ணூர்பேட்டையில் குடியிருந்தபோது, ஒரு மதியம் அண்ணன் வந்தான். தாடி இல்லை, விபூதி இல்லை. எங்கோ ஒரு ஊரில் செங்கல் சூளையில் வேலை, சாயங்காலம் அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னான். “தேடுனது கெடச்சிதாண்ணே?” என்று கேட்டேன். “தெரில பாப்பா. ஆனா அங்க என்னப் பாத்து யாரும் எதையும் வாங்கறதில்ல” என்றான். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். “பெரியப்பா மேல எனக்குக் கோவம் இல்ல. அவர் கண்ண மூடறதுக்குள்ள சொல்லிடு, பாப்பா.”

பெரியப்பாவுக்கு இப்போது ஒரு பக்கம் விழுந்துவிட்டது. படுத்த இடத்திலிருந்தே எல்லாம். உறவுமுறைக்காக மாதத்துக்கு ஒருமுறை ஹார்லிக்ஸோடு போகிறேன். உறவுமுறைக்காக மட்டும்தான் போகிறேன் என்று சொன்னால் அது பொய். அவர் கேட்பதைக் கேட்கத்தான் போகிறேன். நல்ல கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, குழறலாக, ஒவ்வொரு முறையும் அதையேதான் கேட்கிறார்: “அவன் எங்கனா கீறானாம்மா? என்னப் பத்தி எதுனா சொன்னானா?”

போன வாரமும் கேட்டார். அவர் கண்ணிலிருந்து வழிந்ததைத் துண்டால் துடைத்துவிட்டேன். தலையணையைச் சரிசெய்தேன்.

“ஒண்ணும் சொல்லல பெரிப்பா” என்றேன்.