தள்ளி இருப்பதாகத் தெரிந்த பெட்டி

கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுவது நாள் முழுக்கக் குனிந்து தரையைப் பார்க்கும் வேலை. திருவொற்றியூரில் அப்படிக் குனிந்தே என் கழுத்து போய்விட்டது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ‘இன்னும் இடம் இருக்கு’ என்று நம்பிச் சுவரில் உரசியவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். ஒரே வித்தியாசம், நான் தப்புக் கணக்குப் போட்டால் கீழே நிற்பவர் உயிர் போய்விடும்.

உயரம் காணோம்

மேலே கண்ணாடிக் கேபினிலிருந்து பார்த்தால் எல்லாம் தட்டை. கிரேனில் மாட்டிய கன்டெய்னர் பெட்டி எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்றே தெரியாது. சேர்ந்த புதிதில், டிரெய்லருக்கு இன்னும் ஓர் ஆள் உயரம் இருக்கிறதென்று தைரியமாக இறக்கினேன். தடால்! டிரைவர் கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

“யோவ், எறக்குறியா, போட்டு ஒடைக்கிறியா? உள்ள மனுசன் கீறான்யா!”

சித்திரை வெயில்

அப்புறம் நிழலைப் பிடித்துக்கொண்டேன். பெட்டி இறங்க இறங்க அதன் நிழல் கிட்டே வரும். இரண்டும் சேர்ந்தால் தரை தட்டிவிட்டது என்று அர்த்தம். சித்திரை மாதத்து உச்சிவெயிலில் அந்த நிழலும் பெட்டிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. பெட்டியை அந்தரத்திலேயே நிறுத்தினேன். கீழே நின்று சைகை காட்டுபவர் தேசிங்கு அண்ணன். காத்திவாக்கத்திலிருந்து எனக்கும் சேர்த்து இறால் தொக்கு கொண்டுவருகிற மனிதர். வாக்கிடாக்கியில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“இத்தினி நாளா நீ சூரியன நம்பிகினு ஓட்டுன. நான் எவன நம்பிகினு கீழ நின்னேன்?”

மஞ்சள் ஹெல்மெட்

போன மாதம் ஒரு மத்தியானம், டிரெய்லர் மூலையில் பெட்டியைப் பிடிக்கும் பூட்டு சிக்கிக்கொள்ள, அதை நிமிர்த்த அண்ணன் குனிந்திருந்தார். அவருடைய மஞ்சள் ஹெல்மெட் பெட்டியின் ஓரத்துக்கு வெளியே பளிச்சென்று தெரிந்தது. தள்ளித்தான் இருக்கிறார் என்று இறக்கினேன். ஹெல்மெட் அசையவில்லை. பெட்டியும் நேராகத்தான் இறங்கியது. ஆனால் இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி மட்டும் குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் உறைத்தது. நான் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பார்ப்பதால்தான் மேலே தொங்கும் பெட்டி தள்ளித் தெரிகிறது. அவர் பெட்டிக்கு நேர் அடியில் இருக்கிறார்!

லீவரை விட்டேன். பெட்டி ஆடியபடி நின்றது. “அண்ணா, வெளிய வாண்ணா!” என்று வாக்கிடாக்கியில் கத்தினேன். அண்ணன் தலைக்கு மேலே பார்த்துவிட்டு மெதுவாக வெளியே வந்தார். பயத்தில் நான் அழுதேவிட்டேன். வாக்கிடாக்கியில் அவர் குரல் வந்தது.

“கீழேர்ந்து உன் மூஞ்சி நல்லா தெரிஞ்சுது நைனா, அதான் பொட்டி தள்ளி கீதுன்னு நெனச்சிகினேன்.”

எங்கள் இருவர் கண்ணிலும் ஒரு குறையும் இல்லை, ஒருவரையொருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டும் இருந்தோம். அதுதான் அன்றைக்கு அவரைக் கொல்லப் பார்த்தது.